கழுத்தில் கண்ணுள்ள சேவல்

தைப் பொங்கல் முடிந்த இரண்டாம் நாள், ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கும் பள்ளித் தோழன் ஒருவனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. காங்கேயத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். எண்ணெய்க் கம்பெனி வேலைக்காக அபர்டீன் நகரத்துக்குப் போய் இருபது வருடங்களுக்கு மேலாகிறது. மழை வந்ததா, மாடு கன்று எப்படி என்ற வழக்கமான விசாரிப்புகளுக்குப் பிறகு, கடைசிப் பத்தியில் ஒரு வேண்டுகோள் இருந்தது. அவனுடைய மேலதிகாரி ஓய்வு பெறப் போகிறாராம். தூண்டில் மீன்பிடிப்பில் பித்துப் பிடித்தவராம். 'நம்ம ஊர் மலைப்பக்கம் ஜங்கிள் காக் கழுத்து கிடைக்குமா? இங்கே அதற்கு ஏகப்பட்ட மதிப்பு. ஒன்று கிடைத்தால்கூடப் போதும், மனுஷன் என்னை மறக்கவே மாட்டார்' என்று எழுதியிருந்தான். கூடவே ஒரு புகைப்படம்.

விரித்துக் காயவைத்த ஒரு சேவலின் கழுத்துத் தோல். மேலிருந்து கீழ்வரை கூரை ஓடு வேய்ந்தது போல வரிசை வரிசையாக இறகுகள். ஒவ்வொன்றும் கரும்பழுப்பு நிறம், நடுவில் வெளிறிய தண்டு, நுனிக்குச் சற்று மேலே வெள்ளைப் புள்ளி, நுனியில் தேன்மெழுகைச் சொட்டவிட்டது போல ஒரு மஞ்சள் பொட்டு. நூறு கண்கள் ஒன்றாக என்னைப் பார்ப்பது போலிருந்தது.

அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது என் வலது காதுதான்.

என் அம்மாவின் ஊர் உடுமலைக்குத் தெற்கே, அமராவதி அணையை ஒட்டிய அடிவாரக் கிராமம். அங்கே அப்புச்சி ஒரு சின்ன மளிகைக் கடை வைத்திருந்தார். கோடை விடுமுறையில் போகும்போதெல்லாம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைத் திண்ணையில் என்னைத் தன் மடியில் சாய்த்துப் படுக்க வைத்து, ஒரு கோழி இறகால் காது குடைந்துவிடுவார். அந்தச் சுகத்தில் கண் செருகிவிடும். முடித்ததும் இறகைத் துடைத்து எரவானத்தில் செருகிவிடுவார். அந்த இறகின் நுனியில் ஒரு மஞ்சள் பொட்டு இருக்கும். ஏழெட்டு வயதில் அதை யாரோ வண்ணம் பூசி ஒட்டியிருக்கிறார்கள் என்றுதான் நான் நம்பினேன். நகத்தால் சுரண்டிப் பார்த்திருக்கிறேன். வரவில்லை.

அன்று மாலை அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது நம்மூட்டுக் கழுத்தாச்சே. என்னத்துக்குக் கேக்கற?"

"நம்மூட்டுக் கழுத்தா?"

"உங்கப்புச்சி யாவாரம் பண்ணுனது. மிச்சம் மீதி ஒரு தகரப்பொட்டில கெடந்துது. அவரு போனப்பறம் தூக்கியாந்து அட்டாலில போட்டது. இன்னும் தொறந்தே பாக்கல."

அப்புச்சி கழுத்து வியாபாரம் செய்தது எனக்கு ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் தெரிகிறது. பெட்டியை உடனே இறக்க எனக்குத் துணிவு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, அந்த வாரம் முழுக்க இந்தப் பறவையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

*

அந்தக் கழுத்து சாம்பல் காட்டுக்கோழியினுடையது. இந்தியத் தீபகற்பத்துக்கு மட்டுமே உரிய பறவை. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அதன் அடிவாரங்களிலும் வாழ்வது. மயில், கௌதாரி, காடை, சீனத்துப் பொன்வண்ணப் பெசன்ட் எல்லாம் சேர்ந்த பெரிய குடும்பத்தில் இதுவும் ஒன்று. புதுச்சேரியில் பல ஆண்டுகள் இருந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சொன்னரா 1782இல் வெளியிட்ட தன் பயண நூலில் இதைப் பற்றி எழுதினார். 1813இல் டெமின்க் என்ற டச்சுக்காரர் அறிவியல் பெயர் சூட்டியபோது சொன்னராவின் பெயரையே வைத்துவிட்டார்.

ஆனால் இந்தக் கழுத்தை முதலில் உற்றுப் பார்த்தவர் சொன்னரா அல்லர். குறுந்தொகை 242ஆம் பாட்டு குழற்றத்தனார் பாடியது. மகள் குடித்தனம் நடத்தும் முல்லை நிலத்து ஊருக்குப் போய்த் திரும்பிய செவிலித்தாய், அங்கே கண்டதை நற்றாயிடம் சொல்கிறாள். அதில் ஒரு கானக்கோழிச் சேவல் வருகிறது. அதன் கழுத்தின் மீது புதரிலிருந்து குளிர்ந்த நீர்த்துளி விழுகிறது. அந்தக் கழுத்தில் ஒளிரும் புள்ளிகள் இருப்பதைப் புலவர் குறிப்பிட மறக்கவில்லை. வட இந்தியாவில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழியின் கழுத்தில் புள்ளி கிடையாது. அது தமிழ்நாட்டுக் காடுகளில் இருப்பதுமில்லை. ஆகவே அந்தப் பாட்டில் நிற்பது நம் சாம்பல் சேவல்தான் என்று நான் நினைக்கிறேன். கல்லூரியில் பாடமாகப் படித்த பாட்டு. புள்ளியை அடைமொழி என்று எண்ணிக் கடந்து போயிருக்கிறேன். அது பார்த்து எழுதியது என்று இப்போதுதான் உறைக்கிறது.

அந்தப் புள்ளி எப்படி உண்டாகிறது என்பதும் சுவையானது. சாதாரண இறகில் தண்டின் இருபுறமும் மெல்லிய இழைகள் பிரிந்து நிற்கும். இந்தச் சேவலின் கழுத்து இறகிலோ, நுனிக்கருகில் தண்டும் இழைகளும் ஒன்றாகத் திரண்டு, கொம்பைச் சீவி எடுத்தது போன்ற வழுவழுப்பான தகடாகிவிடுகின்றன. நான் சுரண்டியும் வராததற்குக் காரணம் அதுதான். தண்ணீரில் ஊறினாலும் அது சாயாது, மங்காது.

இன்னொரு செய்தி என்னை அதிகமாகப் பாதித்தது. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும், ஏறக்குறைய ஜூன் முதல் செப்டம்பர் வரை, சேவல் இந்தக் கழுத்து இறகுகளை எல்லாம் தானாகவே உதிர்த்துவிடுகிறது. அந்த இடத்தில் குட்டையான கறுப்பு இறகுகள் முளைக்கின்றன. மழைக்காலம் கழிந்த பிறகு மறுபடியும் கண்கள் வைத்த புதுக் கழுத்து. ஆண்டுதோறும் மூங்கில் புதரடியில் விழுந்து மக்கிப்போகும் பொருளுக்காகத்தான் மனிதர்கள் கழுத்தோடு அறுத்தார்கள்.

*

மீன்பிடிக்க இறகு எதற்கு? எனக்கும் முதலில் விளங்கவில்லை. நமக்குத் தெரிந்த தூண்டில் என்பது மூங்கில் கழி, நரம்பு, தக்கை, முள், முள்ளில் ஒரு மண்புழு. அமராவதி வாய்க்காலில் கெளுத்திக்கும் கெண்டைக்கும் இதற்கு மேல் எதுவும் தேவைப்பட்டதில்லை.

மேலைநாடுகளில் இன்னொரு வகை உண்டு. முள்ளின் மேல் பட்டு நூல், விலங்கு மயிர், இறகு ஆகியவற்றைச் சுற்றிக் கட்டி, நீரின் மேல் வந்து உட்காரும் ஈ போன்ற பொய் இரையைச் செய்வார்கள். அதற்குப் பெயரே ஈதான். ட்ரௌட் மீன் பூச்சி தின்பது. ஆகவே எந்தப் பூச்சி எந்த மாதத்தில் பறக்கிறது என்று பார்த்து அதைப் போலவே கட்டினார்கள். அதற்கு வீட்டுக் கோழியின் இறகும் முயல் மயிரும் போதும்.

சால்மன் மீனுக்கான ஈ வேறு சங்கதி. 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் அது ஒரு கலையாகவே வளர்ந்துவிட்டது. ஜார்ஜ் கெல்சன் 1895இல் எழுதிய 'தி சால்மன் ஃப்ளை' என்ற நூல் இதற்கு வேதம் போன்றது. 'ஜாக் ஸ்காட்' என்ற புகழ்பெற்ற ஈயைக் கட்டத் தேவையான பொருள்களைப் படித்துப் பார்த்தேன். சீனத்துப் பொன்வண்ணப் பெசன்டின் கொண்டை, தென்னமெரிக்க டூக்கானின் மார்பு, மக்காவ் கிளியின் வால், வான்கோழி, கினிக்கோழி, மயில், சாயமேற்றிய அன்னத்தின் இறகு, 'இந்தியக் காகம்' என்று இன்னொன்று. இந்தியக் காகம் இந்தியாவில் இல்லை, அது காகமும் இல்லை; தென்னமெரிக்கக் காட்டில் பழம் தின்னும் ஒரு பறவை. இத்தனையையும் ஒரு விரல் நீளத்துக்குள் அடக்கிக் கட்டி முடித்த பிறகு, இரண்டு பக்கத்திலும் கண் போல ஒட்டி வைக்கிறார்கள் நம் மலைச் சேவலின் கழுத்து இறகை. எத்தனையோ பழைய சால்மன் ஈக்களில் அந்தக் கண் உண்டு.

இதில் வேடிக்கை என்னவென்றால், அட்லாண்டிக் சால்மன் கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறி வரும்போது பெரும்பாலும் சாப்பிடுவதையே நிறுத்திவிடுகிறது. முட்டையிடப் போகிற மீன் அது. பொய் இரையை அது ஏன் கவ்வுகிறது என்பதற்குக் கோபம், பழக்கம், எரிச்சல் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். அந்த ஈ எந்தப் பூச்சியையும் போல இருப்பதில்லை. இருக்கவேண்டிய தேவையும் இல்லை. டூக்கான் இறகுக்குப் பதிலாகச் சாயமேற்றிய கோழி இறகை வைத்தால் மீன் கேள்வி கேட்கப் போவதில்லை. அவ்வளவு இறகும் கரையில் நின்ற கனவானுக்காகவும் அவர் பக்கத்தில் நின்ற இன்னொரு கனவானுக்காகவும்தான்.

எங்கள் பக்கத்து மலையிலேயே இதன் மறுபாதி நடந்திருக்கிறது. ஊட்டியில் குடியேறிய வெள்ளையர்களுக்கு ட்ரௌட் பிடிக்காமல் பொழுது போகவில்லை. 1860களில் பிரான்சிஸ் டே நீலகிரிக்கு ட்ரௌட்டைக் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. 1879இல் நீலகிரிக்கென்றே வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்க ஒரு சட்டம் வந்தது. பிறகு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் வானவில் ட்ரௌட்டை அங்கே நிலைபெறச் செய்தார். அவலாஞ்சியில் பொரிப்பகமும் எழுந்தது. அந்த மீன் கடல் கடந்து நம் மலை ஓடைக்கு வந்தது. நம் மலைச் சேவலின் கழுத்து கடல் கடந்து அந்த நாட்டு ஆற்றுக்குப் போனது. இரண்டு பயணங்களையும் நடத்தியவர்கள் ஒரே ஆட்கள்தான்.

தடை வராமல் இல்லை. பெண்களின் தொப்பிக்காகப் பறவைகளைக் கொன்று குவிப்பதற்கு எதிராக இங்கிலாந்தில் எழுந்த இயக்கத்தின் காலத்தில், 1902இல் பிரித்தானிய இந்திய அரசு பறவைத் தோல், இறகு ஏற்றுமதியைத் தடை செய்தது. பிரிட்டன் 1921இல் இறக்குமதித் தடைச் சட்டம் கொண்டு வந்தது. ஆனாலும் காட்டுச் சேவலின் கழுத்து 1960களின் பிற்பகுதி வரை இங்கிருந்து போய்க்கொண்டேயிருந்தது. அதன் பிறகுதான் இந்திய அரசு அந்த வழியை அடைத்தது. 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டது.

*

இறகுப் பித்து பழைய காலத்தோடு ஒழிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். இல்லை. 2009 ஜூன் 24ஆம் தேதி இரவு, லண்டனுக்கு வெளியே ட்ரிங் என்ற ஊரில், பிரித்தானிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பறவைச் சேகரிப்பு இருக்கும் கட்டடத்துக்குள் ஓர் இளைஞர் கண்ணாடியை உடைத்துக்கொண்டு புகுந்தார். எட்வின் ரிஸ்ட் என்று பெயர். லண்டனில் புல்லாங்குழல் படித்துக்கொண்டிருந்த அமெரிக்க மாணவர். சால்மன் ஈ கட்டுவதில் தேர்ந்த கை. சூட்கேஸ் நிறைய 299 பறவைத் தோல்களை எடுத்துக்கொண்டு போனார். சொர்க்கப் பறவைகள், கொட்டிங்காக்கள், கெட்சல்கள். சில தோல்கள் டார்வினின் சமகாலத்தவரான ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் தன் கையால் சேகரித்தவை. 2010 நவம்பரில் பிடிபட்டார். முழுதாக மீட்க முடிந்தவை 174. 2011இல் 12 மாதச் சிறைத் தண்டனை விதித்து அதை நிறுத்திவைத்தார்கள். கர்க் வாலஸ் ஜான்சன் இதைப் பற்றி 2018இல் ஒரு புத்தகமே எழுதினார்.

அந்த வழக்கைப் படிக்கையில் ஒரு விவரத்தில் நின்றுவிட்டேன். அருங்காட்சியகத் தோல் ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சீட்டு கட்டியிருக்கும். எங்கே, எந்தத் தேதியில், யார் பிடித்தது என்று அதில் எழுதியிருக்கும். மீட்கப்பட்ட தோல்களில் பலவற்றில் அந்தச் சீட்டு இல்லை. சீட்டு போனதும் அறிவியலுக்கு அந்தத் தோல் ஏறக்குறைய ஊமையாகிவிடுகிறது. ஒரு காட்டைப் பற்றி, ஒரு காலத்தைப் பற்றி அதனால் இனி எதுவும் சொல்ல முடியாது. வெறும் இறகுக் குவியல்.

அட்டாலியில் இருந்த தகரப்பெட்டிக்குள்ளும் ஒரு சீட்டும் இருக்காது என்று அப்போது தோன்றியது. அங்கே அந்தச் சீட்டில் எழுதியிருக்கவேண்டியதைச் சொல்லக்கூடியவள் அம்மா ஒருத்திதான்.

*

ஞாயிற்றுக்கிழமை ஏணி வைத்து ஏறிப் பெட்டியை இறக்கினேன். காங்கேயத்துக்காரர்களுக்குப் பெட்டி என்றால் சிவன்மலைதான் நினைவுக்கு வரும். முருகன் பக்தர் யாருடைய கனவிலாவது வந்து சொல்லும் பொருளைச் சன்னிதிக்கு முன்னால் ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில் வைப்பார்கள். மண்ணோ, மஞ்சளோ, துப்பாக்கியோ, எது வைக்கப்பட்டாலும் நாட்டில் அது சம்பந்தமாக ஏதோ நடக்கப் போகிறது என்று ஊரே பேசும். எங்கள் பெட்டியிலிருந்து வரப்போவது நடந்து முடிந்தது பற்றிய உத்தரவு என்று நினைத்துக்கொண்டேன்.

மூடி துருப்பிடித்திருந்தது. தேங்காய் மட்டை உரிக்கும் பாரையால் நெம்பித் திறந்தோம். பழைய செய்தித்தாளுக்குள் ஏழு கழுத்துகள். அந்து அரித்து, தோல் பொடியாகி, பெரும்பாலும் தண்டுகளே மிஞ்சியிருந்தன. தூக்கினால் உதிர்ந்தது. சில இறகுகளில் மட்டும் அந்த மஞ்சள் பொட்டு அப்படியே இருந்தது, நேற்று வைத்தது போல.

அம்மா பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள்.

மலையிலிருந்து இறங்கி வருபவர்கள் தேன், நெல்லி, சீகைக்காய், பூந்திக்கொட்டை கொண்டு வருவார்கள். அவற்றோடு கழுத்தும் வரும். கண்ணி வைத்துப் பிடிப்பது. "கறிய அவுங்க தின்னுக்குவாங்க. கழுத்த மட்டும் உப்பும் சாம்பலும் தடவிக் காயவெச்சுக் கொண்டாருவாங்க." அப்புச்சி அதற்கு அரிசியோ, உப்போ, மிளகாயோ, புகையிலையோ அளந்து கொடுப்பார். மாதம் ஒருமுறை கோயமுத்தூரிலிருந்து ஒரு வியாபாரி வந்து ரொக்கம் கொடுத்து வாங்கிப் போவார். அவர் யாரிடம் விற்றார் என்று அப்புச்சிக்குத் தெரியாது. வெள்ளைக்காரத் துரைசானிகள் தொப்பியில் குத்திக்கொள்ள என்று கேள்விப்பட்டிருந்தாராம்.

"மீன் பிடிக்கறதுக்கும்மா" என்றேன்.

"மீன் புடிக்கவா? கோழி எறகுலயா?" அம்மா சிரித்துவிட்டாள். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அந்தக் கழுத்துக் காசுலதான் என்னெ உடுமலைல ஆஸ்டல்ல சேத்தி உட்டாங்க. எங்கூரு பொட்டப்புள்ளைகள்ல மொதல்ல பத்தாவது தாண்டுனது நாந்தான். கடெயில வந்தது சோத்துக்கே பத்தாது. பீசு கட்டறப்போ அந்த யாவாரி வந்துட்டுப் போயிருப்பாரு."

அம்மா அதன் பிறகு ஆசிரியர் பயிற்சி முடித்து, முப்பத்தைந்து ஆண்டுகள் அரசுத் தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்தாள். எனக்கு ஆனா ஆவன்னா எழுதப் பழக்கியவள் அவள். வீட்டில் இருந்த புத்தகங்கள் அவள் சம்பளத்தில் வாங்கியவை. நான் குறுந்தொகை வரைக்கும் வந்து சேர்ந்த வழியை அன்று முதல்முறையாகப் பின்னோக்கி நடந்து பார்த்தேன். அந்த வழி ஒரு கண்ணியில் போய் முடிந்தது.

யாரைக் குற்றம் சொல்வது? காட்டிலிருந்து வந்தவர்கள் பசிக்குத் தின்றார்கள். எஞ்சியதை உப்புக்கு மாற்றினார்கள். அப்புச்சி மகளைப் படிக்க வைத்தார். வியாபாரி வியாபாரம் செய்தார். ஆற்றங்கரைக் கனவான் இந்த மலையைப் பார்த்ததே இல்லை. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் விலை ஏறியிருக்கிறது; ஒவ்வொரு கண்ணியிலும் பறவையைப் பற்றிய அறிவு குறைந்திருக்கிறது. மிகக் குறைந்த விலை பெற்றவர்களுக்குத்தான் அந்தச் சேவல் எந்தப் புதரில் அடையும், எந்தக் குரலில் கூவும் என்பது தெரியும். கடைசியில் வாங்கியவருக்கு அது 'ஜங்கிள் காக்' என்று பெயர் ஒட்டிய ஒரு பொட்டலம்.

இப்படி எழுதுவதால் என் பங்கு கழிந்துவிடுவதில்லை என்பதும் தெரிகிறது.

சட்டத்தைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். இதை விற்பது மட்டுமல்ல, வைத்திருப்பதும் குற்றம் என்றேன். "அப்ப நம்மளப் புடிச்சுக்குவாங்களா?" என்று கேட்டாள். பயந்த மாதிரி தெரியவில்லை. மகன் ஏதாவது செய்யட்டும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் இருக்கவே, அவளே முடிவு செய்தாள். "செத்ததுகளெ எத்தன நாளைக்கு அட்டாலில வெச்சிருக்கறது? குழி வெட்டிப் பொதச்சுடு சாமி."

கிணற்று மேட்டுத் தென்னைக்குப் பக்கத்தில், செத்த கன்றுகளைப் புதைக்கும் இடத்தில், குழி வெட்டினேன். கொட்டிவிட்டு நிமிர்ந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் கொரங்காட்டில் ஏழெட்டு மயில்கள் மேய்ந்துகொண்டிருந்தன. எங்கள் பகுதியில் மயிலுக்குப் பஞ்சமில்லை. விதைத்ததைக் கொத்திவிடுகிறது என்று விவசாயிகள் நொந்துகொள்கிறார்கள். மயில் தோகையின் இழையும் தூண்டில் ஈயின் உடலைச் சுற்றுவதற்கு உலகம் முழுக்க வேண்டியிருக்கிற பொருள்தான். ஆனால் 1963இல் தேசியப் பறவையான மயிலுக்குச் சட்டமும் இருந்தது, சாமியும் இருந்தது. சூரபத்மனை இரண்டாகப் பிளந்தபோது ஒரு பாதி மயிலாகவும் மறுபாதி சேவலாகவும் ஆனதாகக் கந்தபுராணம் சொல்கிறது. ஒன்று வாகனம், இன்னொன்று கொடி. இரண்டும் ஒரே குடும்பத்துப் பறவைகள் என்று உயிரியலும் சொல்கிறது. அப்படியிருந்தும் மயிலைத் தொடத் தயங்கிய கைகள் காட்டுச் சேவலுக்குத் தயங்கவில்லை.

*

நண்பனுக்குப் பதில் எழுதினேன். இங்கிருந்து அனுப்ப முடியாது, அனுப்பவும் கூடாது என்று. பிரிட்டனிலேயே இந்தக் கோழியைப் பண்ணையில் வளர்த்துக் கழுத்தை விற்கிறார்கள், முதல் தரமான கழுத்து நூறு டாலரைத் தாண்டும், நெகிழியில் செய்த போலியும் கிடைக்கிறது, மீனுக்கு வித்தியாசம் தெரியாது என்றும் எழுதினேன். கூடவே ஒரு தகவலையும் சேர்த்தேன். உலகத்து வீட்டுக் கோழிகள் எல்லாம் சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்து மட்டுமே வந்தவை என்று டார்வின் 1868இல் எழுதினார். 2008இல் ஸ்வீடன் நாட்டு உப்சாலாவைச் சேர்ந்த மரபணு ஆய்வாளர்கள் அதில் ஒரு திருத்தம் செய்தார்கள். வீட்டுக் கோழிகளின் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் காரணமான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருக்கவேண்டும் என்று கண்டார்கள். 'உங்கள் ஊர்ச் சந்தையில் மஞ்சள் தோலோடு தொங்கும் கோழியில் எங்கள் மலைச் சேவல் ஏற்கெனவே இருக்கிறது, உன் மேலதிகாரிக்குச் சொல்' என்று முடித்தேன். அவன் சிரிப்புக்குறி ஒன்றைப் பதிலாக அனுப்பினான்.

ஆடி மாதம் அம்மாவை அவள் ஊருக்குக் கூட்டிப்போனேன். திரும்பும்முன் உடுமலையிலிருந்து மூணாறு போகும் சாலையில் கொஞ்ச தூரம் காட்டுக்குள் போய்வரலாம் என்றாள். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் வழியாகப் போகும் சாலை. மழைத் தூறல். ஒரு வளைவில் வலது பக்கப் புதரிலிருந்து ஒரு சேவல் வெளியே வந்து, தார் ரோட்டின் நடுவில் ஒரு காலைத் தூக்கி நின்றது. வண்டியை மெதுவாக்கினேன். சாம்பல் உடம்பு, கருநீல வால். கழுத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. குட்டையான கறுப்பு இறகுகள் நனைந்து ஒட்டியிருந்தன.

"இதா? கழுத்தெக் காணோம்?" என்றாள் அம்மா.

இந்த மாதங்களில் உதிர்த்துவிடும், ஐப்பசிக்குள் மறுபடி முளைத்துவிடும் என்று சொன்னேன். அப்புச்சியின் கடைக்கு ஆடியில் கழுத்து வந்ததே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. மழைக்காக யாரும் மலையேறுவதில்லை என்று அந்தக் காலத்தில் நினைத்திருந்தாளாம்.

சேவல் அவசரமில்லாமல் சாலையைக் கடந்து இடது பக்கச் சரிவில் இறங்கிப்போயிற்று. கொஞ்ச நேரம் கழித்துக் கீழே எங்கிருந்தோ அதன் கூவல் கேட்டது; வீட்டுச் சேவலைப் போல இழுக்காமல், வெட்டி வெட்டி விழும் குரல்.

தாராபுரம் தாண்டும் வரை அம்மா பேசவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். ஊதியூர் மலை தெரியத் தொடங்கியபோது கேட்டாள்:

"ஒரு சாக்குக்கு எத்தன கழுத்து புடிக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் இல்லை.